லாரி நிற்கும் இடத்துக்கே எச்.ஐ.வி. பரிசோதனை வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறிக் கேரளம் போய்வரும் ஓட்டுநர்கள், கிளீனர்கள், சுமைப்பணியாளர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு லாரித் தொழிலாளர்களிடையே நடந்த விழிப்புணர்வு வேலைக்குச் சோதனைச்சாவடிகள் பெரிய துணையாக இருந்தன. வாளையாறு போன்ற இடங்களில் வணிகவரிச் சோதனைக்காக வண்டிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதால், உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் காத்திருப்பு ஒழியவில்லை, இடம்தான் மாறியது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றும் குவாரி வாசல், எடைமேடை, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட், மலையடிவாரப் பெட்ரோல் பங்க் என்று வண்டிகள் இப்போது அங்கங்கே சிதறி நிற்கின்றன. அதுவும் பெரும்பாலும் இரவில்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் பகலில் இயங்குகின்றன. அந்த நேரத்தில் ஓட்டுநர் தூங்குவார், அல்லது மலைப்பாதையில் இருப்பார். ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது மாலை 6 முதல் 10 மணி வரை வண்டி நிற்கும் இடத்தில் பரிசோதனை நடக்க வேண்டும். ஓர் ஆலோசகர், ஓர் ஆய்வக நுட்பநர், பேசுவது வெளியே கேட்காத ஒரு மறைப்பு, இவ்வளவுதான் தேவை. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். அதில் தொற்று இருக்கலாம் என்று வந்தாலும் அதுவே இறுதி முடிவு ஆகாது. நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கருவிகளால் சோதித்த பிறகே உறுதி செய்வார்கள். பலர் ஏமாறும் இடம் வேறு: உறவு கொண்ட ஒரு வாரத்தில் சோதித்து, 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். தொற்று ஏற்பட்டிருந்தாலும் அது சோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும். 3 மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் அந்த 'இல்லை'யை நம்பலாம்.

எல்லைக்கு அப்பால் பெயர்ப் பலகையே குழப்புகிறது. நம் நம்பிக்கை மையத்துக்குக் கேரளத்தில் 'ஜோதிஸ்' என்று பெயர். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் 'உஷஸ்', பால்வினை நோய்ப் பிரிவு 'புலரி'. மலையாளம் வாசிக்கத் தெரியாத நம் ஓட்டுநர் அந்தக் கதவைக் கடந்து போய்விடுவார். இந்த மூன்று பெயரையும் கட்டணமில்லாத 1097 உதவி எண்ணையும் ஒவ்வொரு லாரி புக்கிங் ஆபீஸ் சுவரிலும் எழுதிவைத்தால் போதும். ஒரு டப்பா பெயின்ட்தான் செலவு.

ஆணுறை பற்றிப் பேசுபவர்கள் 'பயன்படுத்துங்கள்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது எங்கே வீணாகிறது என்பதைச் சொல்வதில்லை. வெயிலில் நிற்கும் கேபினில் டேஷ்போர்டு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அங்கே வைத்த ஆணுறையின் ரப்பர் நைந்து, இழுத்ததும் கிழியும். பர்ஸில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினாலும் அதே கதிதான். துணிப்பையின் நடுவில், மாற்று உடைக்குள் வைப்பது நல்லது. பிரிக்கும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று தெரிய வேண்டும். பல்லால் கடித்துப் பிரிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றியபடி அடிவரை உருட்டி மாட்ட வேண்டும். முடிந்ததும் விறைப்பு தளருமுன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாட்டினால் ஒன்றோடொன்று உரசி இரண்டும் கிழியும். கேபினில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய், வாசலின், கிரீஸ் மூன்றும் ரப்பரைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும். எண்ணெய் இல்லாமல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்பு ஜெல்லே சரி. இந்த மலைக்கு அப்புறம் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969 முதல் ஆணுறை தயாராகிறது. நம் எடைமேடையில் ஆணுறைப் பெட்டி காலியாகக் கிடக்க எந்த நியாயமும் இல்லை. அந்தப் பெட்டியைப் பணம் கட்டும் கவுண்டர் அருகே மாட்டினால் வெட்கப்பட்டு யாரும் எடுக்கமாட்டார்கள். குளியலறைச் சுவரில், நிழலில் மாட்டி, வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும்.

ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவை விழிப்புணர்வுக் கூட்டங்களில் வாய்திறந்து சொல்வதே இல்லை. பெண்ணிடம் போனால்தான் நோய் என்று நம்பும் இளைஞர்கள் இதனால் ஆபத்தில் சிக்குகிறார்கள். பாதுகாப்பற்ற ஆசனவழி உறவில்தான் தொற்று வாய்ப்பு மிக அதிகம். பிறப்புறுப்பில் புண்ணோ சீழோ இருந்தாலும் தொற்று எளிதில் ஏறும். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை விழுங்குவதற்குப் பதில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆணுறை கிழிந்துவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

தொற்று உறுதியானவர்களுக்கு இப்போது பெரும்பாலும் தினம் ஒரே ஒரு மாத்திரைதான், இலவசம். இரவுப் பயணத்தில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்ற கணக்கு நிற்காது. செல்போனில் ஒரே நேரத்துக்கு அலாரம் வையுங்கள். சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். நேரம் தவறிய சாப்பாட்டால் ஓட்டுநர்கள் அடிக்கடி ஜெலுசில், டைஜீன் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளைக் குடிப்பார்கள். எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிர் என்ற மருந்து உடம்பில் சேர விடாமல் இவை தடுக்கும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்தே இவற்றைக் குடிக்கலாம். முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையைச் சேர்த்தே தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். வழியில் தீர்ந்துபோனால் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி அருகிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். விடாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் மனைவிக்கு அது பரவாது. இந்தச் செய்தி எங்கள் பகுதியில் இன்னும் வீடு வீடாகப் போய்ச் சேரவில்லை என்பது பெரிய வருத்தம்.

லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்குச் சேர்க்க இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது; தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையைப் பறிக்கவும் கூடாது. ஒரே கேபினில் தூங்குவதாலோ, ஒரே டம்ளரில் டீ குடிப்பதாலோ, கொசுவாலோ இது தொற்றாது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த ஓட்டுநரும் விரலை நீட்டமாட்டார். அதனால் முதல் முகாமை உரிமையாளர் சங்கங்களே தங்கள் லாரிப் பேட்டையில் நடத்த இடம் தர வேண்டும். முகாமில் யாருக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்கமாட்டோம் என்பதையும் அங்கேயே அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
லாரித் தொழிலாளர் நலனில் பணியாற்றும் சுகாதாரப் பணியாளர்கள்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.