தோட்டத் தொண்டூழியர் பயிற்சிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

ஈசூன் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் புளோக்கில் செடி வளர்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லத்தான் ஆள் குறைவு. அதற்காக நடத்திய தொண்டூழியர் பயிற்சி நல்லபடியாக முடிந்தது.

முதல் நன்றி பாடம் எடுத்த ஐயாவுக்கு. சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே சமூகத் தோட்டங்களில் உழைப்பவர். உரம், பூச்சி என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால், “செடி வாடுதுன்னு யாராவது வந்தா உடனே வைத்தியம் சொல்லாதீங்க. வாசல்ல எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு கேளுங்க” என்றார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைவழியில் பாதிப் பிரச்சினை அதுதானே! வெயில் போதாத கறிவேப்பிலை சோகை பிடித்து நிற்கும். வாசனை இலைக்காக வளர்க்கும் பாண்டான் அரைநிழலிலும் தாக்குப்பிடிக்கும். ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தட்டில் நீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறந்துவிடும் என்பதெல்லாம் அவர் சொன்ன பிறகுதான் பலருக்கு உறைத்தது.

லெங்குவாஸ் (பேரரத்தை) கிழங்கைப் பிரித்து நடக் காட்டிய அடுத்த புளோக் மக்சிக்கிற்கும் (மலாய்ப் பெரியம்மா), அவர் மலாயில் சொன்னதைத் தமிழிலும் சீனத்திலும் சொன்ன பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் நன்றி. அறையும் தேநீரும் தந்த வசிப்போர் குழுவுக்கும்.

அப்புறம், புல்வெட்ட வரும் புதுக்கோட்டைத் தம்பி. ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வந்து, ஒற்றைக் குச்சியாக ஓடும் கறிவேப்பிலையை நுனி கிள்ளிக் கிளைக்க வைப்பது எப்படி என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினார். (புளித்த மோர் ஊற்றலாமா என்று அவருக்கும் நம் பெரியம்மாக்களுக்கும் நடந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.) பயிற்சி பெற்றவர்கள் இப்போது ஆளாளுக்கு “தம்பி சொன்னாரு” என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் பட்டியலில் அவர் இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்த முறை அவரைப் பயிற்றுநர் என்றே அழைக்கும்படி கேட்டிருக்கிறேன்.

புதிய தொண்டூழியர்கள் சனிக்கிழமை காலைகளில் தோட்டத்தில் இருப்பார்கள். வாடிய செடி இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தோட்டக் குழுவின் சார்பில்