வயலைக் காயவிடச் சொல்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான புவி வெப்பமாதல் கட்டுரை, நெல் வயல்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தது. வயலிலிருந்து மீத்தேன் வருவதை நான் மறுக்கவில்லை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள், மட்கும் நெல்தாளையும் வேரையும் தின்று அந்த வாயுவை விடுகின்றன. களை பறிக்க இறங்கிக் காலை ஊன்றினால் குபுகுபுவென்று குமிழி கிளம்புமே, அதில் மீத்தேன் இருக்கிறது. குமிழியாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறிவிடுகிறது.

மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் நெல்லின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் 12 ஆண்டுகள் போல இருந்துவிட்டுச் சிதைந்துவிடும். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அனல்மின் நிலையங்களை ஒரே வரியில் கடந்துவிட்டு வயலுக்கு இரண்டு பத்தி ஒதுக்கியது எந்த ஊர் நியாயம்?

கட்டுரையாளர் சொல்லும் தீர்வு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது; அதாவது எப்போதும் தேக்கிவைக்காமல், வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது. நல்ல முறைதான். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் அடுத்த பாய்ச்சல் விட வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும்; சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாது. யூரியாவை அள்ளி வீசுபவர்கள் இதைச் செய்தால் மீத்தேன் குறைந்து, அதைவிடப் பொல்லாத நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைக் கொண்டு, தேவையான அளவே உரமிடுவதும் சேர்ந்தால்தான் பலன்.

சிக்கல் எங்கே என்றால், நாங்கள் கடைமடைக்காரர்கள், பாசன வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்பது வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அடுத்த முறை என்றைக்கு என்று சொல்ல ஆளில்லை. அதனால் வந்த தண்ணீரை வரப்பு முட்டக் கட்டிவைத்துக்கொள்கிறோம். காயவிட்ட நேரத்தில் முறை தவறினால் வயல் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதன் பிறகு எந்த வாயுவைக் குறைத்து என்ன பயன்? ஐப்பசி, கார்த்திகையிலோ கதை தலைகீழ். வடிகால் தூர்ந்து கிடப்பதால் மழைத் தண்ணீர் நாட்கணக்கில் பயிரின் கழுத்தளவு நிற்கும். அப்போது காய்ச்சலுக்கு எங்கே போவது?

பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவைப் பருவத்திலேயே காய்ச்சலும் பாய்ச்சலும் தொடங்கலாம். ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மிச்சப்படுத்தும் தண்ணீருக்கு ஒரு ஊக்கத்தொகை கொடுத்தால் கேட்பார்கள். எங்களுக்குத் தொகைகூட வேண்டாம். வாய்க்கால் வாரியாக முறைத் தேதியை முன்கூட்டியே அறிவித்து, அந்தத் தேதியில் தண்ணீர் விட்டால் போதும். கட்டுரையாளரிடம் அடுத்ததாக வடிகால் தூர்வாருவது பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்