ஷாத்ரியே அரங்கின் இரவு ஆட்டம்: பெண்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்புக்குரிய பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும், ரோலாண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓபன்) போட்டி இயக்குநர் அமெலி மௌரெஸ்மோ அவர்களுக்கும்,

வணக்கம்.

2024 மே 29 உங்களுக்கு நினைவிருக்கும். வெளியே மழை, பிலிப் ஷாத்ரியே அரங்கின் கூரை மூடியிருந்தது. இரண்டாம் சுற்றில் இகா ஷ்வியான்டெக்கும் நவோமி ஒசாகாவும் ஆடினார்கள். முதல் செட் 6-6 சமநிலைக்குப் பின் வரும் டைபிரேக்கில் இகாவுக்கு, இரண்டாவது 6-1 என்று ஒசாகாவுக்கு. மூன்றாவது செட்டில் ஒசாகா 5-2 முன்னிலை. குழந்தை பெற்று ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண், களிமண் தரையின் ராணியை அவருடைய சொந்தக் களத்திலேயே வீழ்த்தப் போகிறார் என்று நாங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். 5-3-இல், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்டும் ஒசாகாவுக்கு வந்தது. அதை இகா தடுத்துவிட்டார். அதிலிருந்து ஒரு கேம்கூட விடாமல் 7-5 என்று முடித்துவிட்டார். ஏறக்குறைய மூன்று மணி நேர ஆட்டம் அது. அந்த ஆண்டுக் கோப்பையும் அவருக்குத்தான் போனது.

அந்த ஆட்டத்தை நீங்கள் பகல் அட்டவணையில்தான் வைத்திருந்தீர்கள். அன்றிரவு விளக்கொளியில் ஆடியவர்கள் ஆண்கள் பிரிவின் சின்னரும் காஸ்கேயும். சின்னர் மூன்றே செட்டில் வென்றார். காஸ்கே உங்கள் ஊர் மக்களின் செல்லப் பிள்ளை, அவரை இரவில் பார்க்க ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் என்றால் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன்.

2021-இல் நீங்கள் இரவு ஆட்டங்களைத் தொடங்கினீர்கள். ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம், அதற்குத் தனி டிக்கெட். 2025 வரை சுமார் ஐம்பது இரவுகள் போயிருக்கின்றன. அவற்றில் பெண்கள் ஆடியவை நான்கு. 2021-இல் செரீனா வில்லியம்ஸ் - பெகு, அப்புறம் ஷ்வியான்டெக் - கோஸ்ட்யுக். 2022-இல் கோர்னே - ஓஸ்டபென்கோ. 2023-இல் சபலென்கா - ஸ்டீபன்ஸ். அதோடு சரி. 2024-இல் ஒன்றுகூட இல்லை, 2025-இலும் இல்லை.

இந்த நான்கிலும் முதல் இரண்டு, கொரோனா ஊரடங்கால் ஆளே இல்லாத அரங்கில் நடந்தவை. ஆக, ஐந்து ஆண்டுகளில் இரவு நேரப் பார்வையாளர்களுக்கு முன்னால் நடந்த பெண்கள் ஆட்டம் இரண்டே இரண்டு. காலிறுதி ஒன்றுகூட இல்லை.

நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். பெண்களுக்கு அதிகபட்சம் மூன்று செட், ஆண்களுக்கு ஐந்து செட். பெண்கள் ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால், அந்த ஒரே ஆட்டத்துக்காகப் பணம் கட்டி வந்தவர் ஏமாந்து போவார் என்கிறீர்கள். இது நியாயமான கவலைதான், தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒருதலையாக முடிகிற ஆண்கள் ஆட்டத்துக்கு வந்தவரும் ஏமாந்துதானே போகிறார்? அதற்காக ஆண்களை யாரும் இரவிலிருந்து எடுத்துவிடவில்லையே. கோர்னே - ஓஸ்டபென்கோ மூன்று செட் போனது. 2023 அரையிறுதியில் முகோவா மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றி சபலென்காவை வென்ற ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. எந்த ஆட்டம் நீளும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

அப்படியும் பயமாக இருந்தால் வழி இருக்கிறது. நியூயார்க்கில் நடக்கும் அமெரிக்க ஓபனில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கி பெண்கள் ஆட்டம் ஒன்று, ஆண்கள் ஆட்டம் ஒன்று என்று வைக்கிறார்கள். மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓபனிலும் இரவுக்கு இரண்டு ஆட்டங்கள் உண்டு. இரண்டு வைத்தால் நள்ளிரவைத் தாண்டிவிடும் என்பீர்கள். ஒன்றே வைத்தும் தாண்டத்தானே செய்கிறது? 2022-இல் நடால் - ஜோகோவிச் காலிறுதி முடியும்போது நள்ளிரவு ஒரு மணிக்கு மேல். 2024-இல் ஜோகோவிச் - முசெட்டி ஆட்டம் அதிகாலை 3.07-க்கு முடிந்தது. அன்று மழையால் தள்ளிப்போன ஓர் ஆண்கள் ஆட்டத்தை அதற்கு முன்னால் அதே அரங்கில் நுழைத்தீர்கள். தேவை என்று வந்தபோது உங்களால் இடம் பண்ண முடிந்தது. அதையே திட்டமிட்டு, மாலை ஆறு மணிக்குப் பெண்கள் ஆட்டத்தில் தொடங்கி, பகலில் ஓர் ஆட்டத்தை வேறு அரங்குக்கு மாற்றலாம். உங்கள் இரண்டாவது பெரிய அரங்கான சுசான் லெங்லென் அரங்குக்கும் இப்போது கூரை போட்டுவிட்டீர்கள்.

நேரத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், 2023-இல் ஓன்ஸ் ஜபூர் - ஹத்தாத் மையா காலிறுதியைப் பார்த்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. காலை பதினொரு மணி ஆட்டம். ஜபூர் சர்வீஸ் போடப் பந்தைத் தட்டும்போது கேமரா அவருக்குப் பின்னால் காட்டியதெல்லாம் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். களத்துக்கு மிக அருகிலுள்ள, விலை அதிகமான இருக்கைகள் அவை. முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டைபிரேக்கில் பிடித்து, மூன்றாவதில் ஹத்தாத் மையா வென்றார். 1968-இல் மரியா புவேனோவுக்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்குப் போன முதல் பிரேசில் பெண். அவர் கையைத் தூக்கியபோது எழுந்து நிற்க அங்கே ஒரு முழு அரங்கு இருந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் டிவி முன்னால் உட்கார்கிற நேரம் இரவு. டென்னிஸ் தெரியாதவர்கூட அந்த நேரத்தில் ஒரு பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் பெண்களைக் காட்டாமல், பெண்கள் ஆட்டத்துக்கு ஈர்ப்பு குறைவு என்று சொன்னால் எப்படி? 2025-இல் தரவரிசையில் 361-ஆவது இடத்திலிருந்த உங்கள் லோயிஸ் புவாசோன், சிறப்பு அனுமதியில் உள்ளே வந்து, முன்னணி வீராங்கனைகளான பெகுலாவையும் ஆண்ட்ரீவாவையும் வென்று அரையிறுதி வரை போனார். அந்தப் பெண்ணுக்குக்கூட ஓர் இரவு கிடைக்கவில்லை.

மௌரெஸ்மோ அவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தவர். 2006-இல் மெல்போர்னிலும் விம்பிள்டனிலும் கோப்பையை ஏந்தியவர். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் நீங்கள்தான். 2022-இல் ஆண்கள் ஆட்டத்துக்கே ஈர்ப்பு அதிகம் என்று நீங்கள் பேசியதும், பிறகு அதற்காக வருந்தியதும் பழைய கதை, அதைக் கிளற வரவில்லை. வருந்திய பிறகு அட்டவணை மாறும் என்று நம்பினோம். அது இன்னும் மாறவில்லை என்பதுதான் எங்கள் வலி. ஒளிபரப்பு ஒப்பந்தம், ஸ்பான்சர் என்று உங்களுக்குப் பல பக்கமும் நெருக்கடி இருக்கும், புரிகிறது. ஆனாலும் பெண்களுக்காக அந்த மேசையில் குரல் கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

2007 முதல் எல்லாச் சுற்றுகளிலும் ஆண், பெண் இரு பிரிவினருக்கும் சமமான பரிசுப் பணம் தருகிறீர்கள். அதே நியாயத்தைக் கடிகாரத்திலும் காட்டுங்கள். முழுக்கச் சரிபாதி கேட்டாலும் தப்பில்லை, ஆனால் தொடக்கமாக நான் கேட்பது இதுதான்: முதல் வாரத்தில் இரண்டு இரவுகள், நான்காம் சுற்றில் ஓர் இரவு, காலிறுதியில் ஓர் இரவு. அடுத்த அட்டவணையை வெளியிடும்போது இந்த நான்கையும் முதலில் எழுதிவிட்டு, மற்றதை அப்புறம் நிரப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டியை ஆண்டுதோறும் விடாமல் பார்க்கும் ஒரு ரசிகை