நிற்கவைத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள்

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் சகோதரிகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் வேலூர் மாவட்ட அதிகாரிகளுக்கும்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 68 வயது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டார். சென்ற கத்திரி வெயிலில் அப்படி உட்கார்ந்திருந்தவர், பால்காரர் குரல் கேட்டு விருட்டென்று எழுந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்து அம்மிக்கல்லின் மேல் விழுந்தார். நெற்றியில் ஐந்து தையல். பித்தம் என்றார் பக்கத்து வீட்டு அத்தை. இஞ்சிச் சாறு வந்தது.

முந்தின வாரம்தான் அம்மாவின் அட்டையில் 130/80 என்று எழுதியிருந்தார்கள். பொய்யில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவ்வளவுதான் இருந்தது. தையல் போட்ட மருத்துவர் ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்தார், பிறகு நிற்கவைத்து அளந்தார். மேல் எண் 132-இலிருந்து 104-க்கு இறங்கியிருந்தது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்றார். எழும்போது இரத்தம் காலுக்கு இறங்குகிறது. குழாய்கள் உடனே சுருங்கி ஈடுகட்ட வேண்டும். வயது, சர்க்கரை, வியர்வையில் போன நீர், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்தால் உடம்பு திணறிப்போகிறது. அப்படியானால் மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அளவை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

உங்கள் பையில் இருக்கும் அதே கருவி போதும். நீங்கள் ஒரு நாளில் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோருக்கும் கேட்கவில்லை. 60 வயது கடந்து, பிரஷர் மாத்திரை சாப்பிட்டு, கிறுகிறுப்பு என்று சொல்பவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். அதிகாரிகள் பதிவேட்டில் இதற்கொரு கட்டம் போட வேண்டும். கட்டம் இல்லாத வேலை எந்த அலுவலகத்தில் நடந்திருக்கிறது?

இன்னொன்று. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வள்ளிமலைப் படி ஏறுகையில் பேச்சின் நடுவிலேயே சாய்ந்தார். அதையும் வெயில் என்றுதான் சொன்னோம். பார்த்தால் இதய வால்வு சுருங்கியிருந்தது. ஏறும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்குகிறவரையும், நெஞ்சு படபடத்து விழுகிறவரையும் நிற்கவைத்து அளந்து நேரம் கடத்த வேண்டாம், அன்றே இ.சி.ஜி. எடுக்க அனுப்புங்கள்.

அடுத்த கத்திரிக்குள் அந்தக் கட்டம் பதிவேட்டில் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளியின் மகன்,
குடியாத்தம்