அறிகுறி தெரியும்வரை காத்திருப்பதா?

ஐயா,

பச்சிளங்குழந்தைகளின் தைராய்டு குறைபாடு பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரங்கள் சரி. ஆனால், அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று முடித்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கருவில் தாயின் தைராய்டு ஹார்மோன் ஓரளவு குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் பிறந்த அன்று எடை, அழுகை எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாரங்கள் போன பிறகுதான் காமாலை விடாமல் நீடிக்கும், மலம் இறுகும், தொப்புள் புடைக்கும், குரல் கரகரக்கும். எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் பாட்டிமார்களிடம் எல்லாவற்றுக்கும் கைமருந்து உண்டு: காமாலைக்கு இளவெயில், மலச்சிக்கலுக்கு வெற்றிலைக் காம்பு. பாலுக்குக்கூட அழாமல் தூங்கும் பிள்ளையைத் தொந்தரவே தராத தங்கம் என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மருத்துவர்களே கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நோய் இது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளர இந்த ஹார்மோன் வேண்டும். தாமதத்தால் போன அறிவு வளர்ச்சி முழுதாகத் திரும்பாது.

இக்குறையைக் கண்டுபிடிக்க, பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். அதற்குள் வீட்டுக்கு அனுப்புவதானால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்க்கலாம். கனடாவின் கியூபெக்கில் 1970களிலேயே தொடங்கிய சோதனை இது. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள், குறையும் ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்ஸின் மருந்தைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே படித்து வளர்கிறார்கள். விலை குறைந்த மாத்திரைதான். பொடித்து ஒரு கரண்டி தாய்ப்பாலில் கொடுக்க வேண்டும். பால் புட்டியில் கலந்தால் மிச்சம் வைத்த பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து மருந்தோடு சேர்த்துத் தரக்கூடாது. பிள்ளை நன்றாக நடக்கிறதே என்று ஒரு வயதில் தாங்களாகவே நிறுத்திவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுவரை அந்தப் பேச்சே கூடாது.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரசவம் புதுச்சேரியில், தாய்வீடு கடலூர் மாவட்டத்தில், தடுப்பூசி வேறோர் ஊரில். ரத்தம் எடுத்திருந்தாலும் முடிவு யார் கைக்கும் வராமல் போகிறது. அரசானாலும் தனியாரானாலும், பிரசவம் பார்க்கும் எல்லா இடங்களிலும் இச்சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். முடிவைத் தாய் சேய் அட்டையில் பி.சி.ஜி. ஊசிக்குப் பக்கத்திலேயே எழுதித் தரட்டும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது அந்த இடம் காலியாக இருந்தால், ஊசி போடும் செவிலியரே கேட்டுவிடுவார்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.