ஒரே டோஸ் போதும்னு எழுதினீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல மேஜிக் காளான்னு சொல்ற போதைக் காளான வச்சு மனநோய்க்குப் பண்ற வைத்தியம் பத்தி வந்த கட்டுரைல ‘வருஷக்கணக்கா மாத்திரை முழுங்குறதுக்கு ஒரே ஒரு டோஸ் போதும்’னு ஒரு வரி இருக்கு. எழுதினவருக்கு அது வெறும் ஒரு வரி, ஆனா என் தம்பி அதுக்குக் கீழ பேனால கோடு போட்டு, பக்கத்த நாலா மடிச்சு மாத்திரை டப்பாவுக்கு அடியில வச்சிருக்கான். அவனுக்கு பைபோலார், அதாவது மனசு ஒரு நேரம் உச்சத்துக்குப் போய் இன்னொரு நேரம் அடியோட சோர்ந்து போற நோய், அதுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுறான். மாத்திரை போட்டியாடான்னு கேட்டா “எதுக்குக்கா, அதெல்லாம் பழைய வைத்தியம்”னு சொல்றான்.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, அந்தக் காளான்ல இருக்கிற சைலோசைபின்ங்கற மருந்த வச்சு நடந்த ஆய்வுகள் பெரும்பாலானதுல பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) இருக்கிறவங்கள ஆரம்பத்துலயே சேர்க்க மாட்டாங்க. லித்தியம் எடுத்துக்கிட்டே இத எடுத்தவங்கள்ல சிலருக்கு வலிப்பு வந்ததாவும் பதிவு இருக்கு. இத ஒரு வரி போட இடமில்லாம, காளான் படத்துக்கு மட்டும் அரை பக்கம் ஒதுக்கியிருக்கீங்க.

2022-ல 233 பேர வச்சு நடந்த ஆய்வுலயே, மத்த மருந்துக்கு மசியாத டிப்ரஷன் உள்ளவங்கள்ல 25 மில்லிகிராம் வாங்கினவங்கள்ல மூணு வாரத்துல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சது 37 சதவீதம் பேருக்கு, அது பன்னெண்டு வாரம் வரைக்கும் நின்னது 20 சதவீதம் பேருக்குத்தான். ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல, வேற எந்த மருந்துக்கும் கேக்காதவங்களுக்கு அதுவே பெரிய விஷயம். ஆஸ்திரேலியா 2023 ஜூலைல இருந்து அனுமதி வாங்கின மனநல டாக்டர்கள் மட்டும் தரலாம்னு கதவ கொஞ்சம் திறந்திருக்கு. அமெரிக்காவுல எம்டிஎம்ஏங்கற இன்னொரு போதைப் பொருள வச்சுப் பண்ற சிகிச்சைக்கு 2024 ஆகஸ்ட்ல அங்க மருந்துகளுக்கு அனுமதி தர்ற எஃப்டிஏ ஒப்புதல் தரல. கட்டுரைல முதலாவது இருக்கு, ரெண்டாவது எங்க?

இன்னொண்ணு. அந்த ஆய்வுகள்ல முன்கூட்டியே பேசித் தயார் பண்ணி, மருந்து குடுத்துட்டு ஆறேழு மணி நேரம் பயிற்சி எடுத்தவங்க பக்கத்துலயே உட்கார்ந்து, மறுநாள் மறுபடி பேசுறாங்க. என் தம்பிய இத்தன வருஷத்துல எந்த டாக்டரும் அஞ்சு நிமிஷம் முழுசா உட்கார வச்சுப் பேசினதில்ல, சீட்டு எழுதிக் குடுத்து அடுத்த ஆள கூப்பிட்டாங்க. எழுதணும்னா அதப் பத்தி எழுதுங்க சார், மருந்த மட்டும் தனியா பிச்சு எடுத்து அதிசயம்னு காட்டினா, படிக்கிறவங்க அது எங்க கிடைக்கும்னுதான் தேடுவாங்க.

உங்க கேள்வி பதில் பகுதில ‘மனச வேற வேலையில திருப்புங்க, எல்லாம் சரியாயிடும்’னு போட்டப்பவே ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரல. கொலை செய்தின்னா குத்தவாளி பேருக்கு முன்னாடி ‘மனநோயாளி’ன்னு போடுறீங்க, அதுக்கும் எழுதினேன். ரொம்ப வருஷமா வாங்குற பத்திரிகைங்கறதாலதான் திரும்பத் திரும்ப எழுதுறேன், இல்லன்னா நிறுத்திட்டுப் போயிருப்பேன்.

நான் கேக்குறது பெருசு இல்ல. அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல, பைபோலார், சைக்கோசிஸ் (நிஜம் எது, பிரமை எதுன்னு தெரியாமப் போற நிலை) இருக்கிறவங்களுக்கு இது ஆபத்தாகலாம், டாக்டர கேக்காம எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்கன்னு நாலு வரி போடுங்க. மூலையில பொடி எழுத்துல போட்டா அவன் கண்ணுல படாது.

இப்படிக்கு,
பழைய வாசகி ஒருத்தி