சிவப்புக் குடை காணாமப் போன கதை

மச்சான்,

எப்பிடி இரிக்கிறாய்? இஞ்ச மழை விட்டு ரெண்டு கிழமைதான், வட்டையெல்லாம் ஒரே பச்சை. அம்மா உன்னைய விசாரிச்சவ, முழங்கால் நோவெண்டு புலம்பல், மத்தப்படி சுகம்.

நான் திரும்பக் கமராவத் தூக்கிட்டன்டா. சிரிக்காத. இந்தமுறை கறுப்பு வெள்ளை மட்டும்தான் எண்டு ஒரு பிடிவாதம். கலர எடுத்துவிட்டாச் சரிதானே எண்டு நினைச்சிட்டு வவுணதீவுப் பக்கம் போனன், ஒரு அம்மா சிவப்புக் குடையோட வரம்பால போறா, சுத்திவர பச்சை, சும்மா பத்துப் படம் அடிச்சிட்டன், வீட்ட வந்து மாத்திப் பாத்தா குடையக் காணல்ல! சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாப் போயிட்டு. பிலிம் காலத்தில லென்சுக்கு முன்னால சிவப்பு பில்டர் போடுவம் ஞாபகமா, சிவப்பு வெளுக்கும், பச்சையும் நீல வானமும் இருண்டு போகும். இப்ப ரோ பைலா, அதான் கமரா பிடிச்ச கலர் விவரமெல்லாம் அப்பிடியே இரிக்கிற பைலா, எடுத்திருந்தா கம்ப்யூட்டர்லயே சிவப்ப மட்டும் ஏத்தலாம். ஏத்தினன், குடை வெள்ளையா முழிச்சிட்டு வந்திச்சு.

அண்டையில இருந்து பின்னேரத்து மஞ்சள் வானம், செவ்வானம் ஒண்டையும் நான் தேடிறல்ல. மப்பு மந்தாரமெண்டாத்தான் வெளிக்கிடுறன், மனுசி பேசுறா.

கல்லடிப் பழைய பாலம் இரிக்கே, 1924ல கட்டினது, 2013ல புதுப்பாலம் திறந்தாப்பிறகு அதில வாகனச் சத்தம் இல்ல. விடியக்காலமை அதில போய் நிண்டன். கீழ ஒரு தோணிக்காரர் வலை வீசுறார். முதல் ரெண்டு தரமும் வெளிச்சத் தண்ணிப் பக்கம் வீசினார், படத்தில வலையே இல்ல, கையத் தூக்கிட்டு நிக்கிற ஒரு ஆள்தான். மூண்டாந்தரம் பாலத்து நிழல் விழுற கறுத்தத் தண்ணிக்கு மேல விரிச்சார் பாரு, ஒவ்வொரு கண்ணியும் வெள்ளையாத் தெரியுது, ஓரத்து ஈயக்குண்டு தண்ணியத் தொடுற இடத்தில சின்னச் சின்னப் புள்ளி. வலைக்குப் பின்னால இருட்டு வேணும், அவ்வளவுதான்டா விசயம், இத விளங்க எனக்கு அம்பது வயசாயிட்டு.

அமெரிக்கப் படக்காரர் அன்செல் அடம்ஸ் 1941 நவம்பர் முதலாந்தேதி நியூ மெக்சிகோவில ஹெர்னாண்டஸ் எண்ட ஊருக்கு மேல நிலா எழும்புறத எடுத்தாரே, வெளிச்சம் அளக்கிற லைட் மீட்டரத் தேடிக் காணல்ல, நிலாட வெளிச்சம் எவ்வளவெண்டு மனசில இருந்ததால கணக்குப் போட்டு ஒரே ஒரு படம். ரெண்டாவது எடுக்க முன்னம் கல்லறைச் சிலுவையில விழுந்த வெயில் போயிட்டு. நான் ஒரு குடைக்குப் பத்து!

வலைப்படத்தப் பெரிசா பிரிண்ட் போட்டு வச்சிரிக்கன், அனுப்ப மாட்டன், போன்ல பாத்தா அந்தக் கண்ணி தெரியாது. ஆடிக்கு வரக்குள்ள ரெண்டு றோல் பிலிம் கொண்டு வா, அந்தப் பழைய யாஷிகா கமரா இன்னும் வேலை செய்யிது. உன்ட மகளுக்கு சோதனை எப்பிடி?

உன்ட மச்சான்